நாற்காலிக்காக நின்ற படப்பிடிப்பு

வீட்டில் அவளுக்கு வைத்த பேர் சிசிடிவி. வைத்தது மாமியார். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே, "அத்தை, காலையில இந்த டப்பா மூடி இறுக்கமா இருந்துச்சு, இப்ப தளர்வா இருக்கு. பிஸ்கட்டும் நாலு குறையுது" என்று அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போக, சர்க்கரை வியாதிக்காரியான மாமியாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர் சொல்லி, மகன் கெஞ்சி, எதற்கும் நிற்காத பிஸ்கட் திருட்டு அன்றோடு நின்றது. பேரும் அன்றைக்கே நிலைத்துவிட்டது.

அவளுக்கு யார் மேலும் குற்றம் கண்டுபிடிக்கும் எண்ணம் கிடையாது. கண்ணில் பட்டதை வாய் சொல்லிவிடும், அவ்வளவுதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியராக இருந்த கணவருக்கு அது பழகிப்போயிற்று. பக்கத்து சீட்டில் இருப்பவர் எப்போது எந்தச் சுவரில் கொண்டுபோய் முட்டுவார் என்று தெரியாமலே பதினாறு வருடம் உட்கார்ந்திருந்தவர் அவர். வீட்டில் எதைக் கேட்டாலும் பதறமாட்டார்.

பதினோரு வருடம் அவள் ஒரு லாண்டரியில் வேலை பார்த்தாள். ரசீது தொலைந்துபோனாலும் கவலையில்லை, எந்தச் சட்டை யாருடையது என்று காலர் மடிப்பையும் பட்டனையும் பார்த்தே எடுத்துக் கொடுத்துவிடுவாள். முதலாளி கடையை மூடிவிட்டு மகள் ஊரோடு போய்விட்டார். அவள் வீட்டோடு வந்துவிட்டாள். இரண்டு மாதம் தாங்கினார் மாமியார்.

"நீ எங்கயாவது ஒரு வேலையைத் தேடிக்கோம்மா. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. எனக்குக் கொஞ்சம் கூடவே நல்லது."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மூன்று பேரும் படம் பார்க்கப் போனார்கள். கதாநாயகன் நீலச் சட்டையோடு கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். உள்ளே போய் நின்றபோது சட்டை பச்சையாக இருந்தது.

"கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ சட்டை மாத்தி விடறாங்க போல" என்றாள் கணவரின் காதில். பிறகு நிறுத்த முடியவில்லை. "கட்டு இடது கையில போட்டாங்க, இப்ப வலது கை உடைஞ்சிருக்கு பாருங்க." "அழுதுட்டிருந்தப்ப காதுல தோடு இருந்துச்சு, கண்ணைத் துடைச்சதும் தோட்டையும் காணோம்." இடைவேளைக்குள் இருபத்திரண்டு சேர்ந்துவிட்டது. டிக்கெட்டின் பின்புறத்தில் எழுத ஆரம்பித்து, இடம் போதாமல் மாமியாரின் டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டாள்.

படம் முடியப் போகும் சமயத்தில் முன் வரிசைக்காரர் திரும்பினார். "அம்மா, இப்படிப் பாத்துச் சொல்றதுக்குன்னே சினிமாவுல சம்பளம் குடுத்து ஆள் வெச்சிருக்காங்க. கன்டின்யூட்டின்னு பேரு. நேரா அங்க போய்ச் சொல்லுங்க. என் காதை விட்டுடுங்க, புண்ணியமாப் போகும்."

அவர் எரிச்சலில்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு அதற்குப் பிறகு படம் ஓடவில்லை. உலகத்தில் இப்படி ஒரு வேலை இருக்கிறதா? அதற்குச் சம்பளமுமா?

விசாரித்ததில், அந்தப் படத்தை எடுத்த கம்பெனி ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. அந்த வேலை பார்ப்பவர்களின் சங்கம் அதே கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது. அலைச்சல் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

கீழே இருந்தவர் தயாரிப்பு மேனேஜர். மூன்று போன் வைத்திருந்தார், மூன்றும் அடித்துக்கொண்டிருந்தன. நான்காவதாக அவள் வந்து நின்றதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

"கன்டின்யூட்டிக்கு ஆள் வேணும்தாம்மா. இருந்த ஆள் போன படத்தோட ஓடிட்டான். ஆனா சங்க அட்டை இல்லாதவங்களை உள்ள விட்டா என் தலை உருண்டுடும். மாடிக்குப் போய் அட்டை வாங்கிட்டு வாங்க."

மாடிக்குப் போனாள். சங்கச் செயலாளருக்கு ஆறடி உயரம், அதற்கேற்ற குரல். டீ கேட்டாலும் மைதானத்தில் ஆயிரம் பேருக்கு முன்னால் கேட்பது போலத்தான் கேட்பார்.

"வாங்க தோழர்! உக்காருங்க தோழர்! சங்கத்துல சேர யார் வந்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்! ஆனா தொழில்ல இருக்கிறவங்களைத்தான் சேக்க முடியும். ஏதாவது ஒரு படத்துல வேலைக்கு எடுத்ததா கடிதம் வாங்கிட்டு வாங்க, அடுத்த நிமிஷம் அட்டை!"

கீழே வந்தாள். அட்டை இருந்தால்தான் கடிதம் என்றார் மேனேஜர். மேலே போனாள். கடிதம் இருந்தால்தான் அட்டை என்றார் செயலாளர். மறுபடி கீழே, மறுபடி மேலே.

"அப்ப உங்க சங்கத்துல இருக்கிற முதல் ஆள் எப்படி சார் சேந்தாரு?"

செயலாளருக்கே அது புதுக் கேள்வியாக இருந்தது. "நல்ல கேள்வி தோழர்" என்றார், முதல் முறையாக மெதுவாக.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கிட்டா முடிஞ்சுடுமே?"

அதுதான் நடக்காத காரியம். இரண்டு வருடம் முன்பு மேனேஜர் தன் ஸ்கூட்டரை மாடிப்படிக்குக் குறுக்கே நிறுத்தப் போக, செயலாளர் அதைத் தனியாளாகத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டார். அன்று முதல் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பதிவுத் தபால்தான். கீழிருந்து மேலே போக ஒரு கடிதத்துக்கு நான்கு நாள் ஆனது.

ஏழாவது தடவை கீழே இறங்கியபோது அவளுக்குக் கால் கெஞ்சியது. மேனேஜரின் மேஜை மேல் கைப்பையைக் கவிழ்த்துத் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள். பாட்டிலோடு அந்த இரண்டு சினிமா டிக்கெட்டுகளும் விழுந்தன. அந்த வழியாகப் போன தாடிக்காரர் ஒருவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே ஒரு நாற்காலியில் சரிந்தார். அவர்தான் அந்தப் படத்தின் இயக்குநர்.

"இது என்ன?"

"தப்பு சார். நீங்க எடுத்த படத்துல. நாப்பத்தேழு இருக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இயக்குநர் இரண்டு டிக்கெட்டுகளையும் திருப்பித் திருப்பிப் படித்தார். கண் கலங்கியிருந்தது. "நாப்பத்தேழா? நான் நாப்பத்தாறுன்னுல நெனச்சுட்டிருந்தேன்! அந்தக் கல்யாண மேடையில மாப்பிள்ளைக்குச் செருப்பு மாறினது எனக்கே தெரியாதே!" மேனேஜர் பக்கம் திரும்பினார். "யோவ், இந்தம்மா இல்லாம நான் அடுத்த படத்துல ஒரு ஷாட் கூட வைக்கமாட்டேன்."

மேனேஜர் கையைப் பிசைந்தார். மேலே யார் போவது? அவர் போகமாட்டார். செயலாளர் இறங்கி வரமாட்டார்.

அவள் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மாடியில் கொடுத்த சங்கப் படிவம், இன்னும் கையெழுத்தாகாத கம்பெனிக் கடிதம். "சார், ரெண்டுலயும் தேதி போடத்தான் இடம் இருக்கு. நேரம் போட இடம் இல்ல. ரெண்டு பேரும் ஒரே சமயத்துல கையெழுத்து போட்டா, எது முதல்ல எது அப்புறம்னு கேள்வியே வராதே?"

"எங்க நின்னு போடறது? நான் அவன் ரூமுக்குப் போகமாட்டேன்."

"மாடிப்படி பத்தொன்பது சார். கீழ இருந்து எண்ணினாலும் மேல இருந்து எண்ணினாலும் பத்தாவது படி நடுவுல வருது. உங்களுக்கும் ஒன்பது படி, அவருக்கும் ஒன்பது படி. யாரும் யாரைத் தேடியும் போனதா ஆகாது."

இப்படியாக, இரண்டு வருடத்துக்குப் பிறகு பகையாளிகள் இருவரும் பத்தாவது படியில் சந்தித்தார்கள். படி குறுகல், செயலாளர் அகலம். இருவரும் ஆளுக்கொரு பக்கச் சுவரைப் பார்த்தபடி வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு படி கீழே நின்று அவள் எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

யாரும் போடவில்லை. அவர் போடட்டும் என்று இவரும், இவர் போடட்டும் என்று அவரும் காத்திருந்தார்கள். மறுபடி எண்ணினாள். இந்தத் தடவை செயலாளரின் பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், காகிதத்தின் ஓரத்தில் வட்டம் வட்டமாகச் சுழித்துப் பார்த்தார். மேனேஜர் சுவரைப் பார்த்தபடியே தன் சட்டைப்பையிலிருந்த இன்னொரு பேனாவை நீட்டினார். செயலாளர் சுவரைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டார். மூன்றாவது முறை எண்ணியபோது இரண்டு பேனாவும் ஒன்றாக இறங்கின.

முப்பது நாள் வேலைக்கான தற்காலிக அட்டை அவள் கைக்கு வந்தது. அதில் ஒட்டிய போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். போட்டோ எடுக்கும்போது சிரிக்கவில்லை என்றுதான் அவளுக்கு ஞாபகம். ஆனால் அதைச் சொல்லவில்லை, வாயைக் கட்டிக்கொண்டாள்.

முதல் நாள் படப்பிடிப்பு ஒரு பெரிய கொட்டகைக்குள். வெளியே தகரக் கூரை, உள்ளே அச்சு அசலாக ஒரு வீட்டின் சாப்பாட்டு அறை. நீள மேஜை, ஆறு நாற்காலி, நடுவில் பழத்தட்டு. கதாநாயகன் வாழைப்பழம் தின்றபடி அப்பாவிடம், "நான் வேலையை விட்டுட்டேன்" என்று சொல்ல வேண்டும். அப்பாவாக நடித்தவர் அதிர்ச்சியில் தண்ணீர் குடிக்க வேண்டும். மூன்று நிமிடக் காட்சி. ஆனால் அதையே முதலில் தூரத்திலிருந்து, பிறகு மகன் முகத்துக்கு, பிறகு அப்பா முகத்துக்கு என்று துண்டு துண்டாக எடுப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் பழமும் தண்ணீரும் தலைமுடியும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஒட்டும்போது பல்லிளிக்கும்.

ஒரு நோட்டு, ஒரு பென்சில், போட்டோ எடுக்க ஒரு போன். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் எழுதினாள். "பழம்: மூன்று தோல் உரித்தது, இரண்டு கடி. டம்ளர்: அதில் வரைந்த பூவுக்குக் கீழே ஒரு விரல் தண்ணீர். அப்பா: மேல் பட்டன் திறப்பு." பிறந்ததிலிருந்து எல்லாரும் வாயை மூடு என்று சொன்னதை இங்கே அறுபது பேர் காதுகொடுத்துக் கேட்டார்கள். "தண்ணி கொஞ்சம் கூடுதல் சார்" என்றால் ஒருவர் ஓடிவந்து கரண்டியால் எடுத்தார். அவளுக்கு உள்ளங்கால் தரையில் பாவவில்லை.

பதினோரு மணிக்குப் புது உறுப்பினரைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று செயலாளர் வந்தார். கதவருகே நின்று பெருமையோடு பார்த்தவரின் முகம் மெல்ல மாறியது.

"தோழர்! ஏன் நிக்கிறீங்க?"

"பாக்கிறதுக்கு வசதியா இருக்கு சார்."

"உங்க நாற்காலி எங்க?"

"எனக்கு நாற்காலியெல்லாம் வேண்டாம் சார்."

அந்த வார்த்தை வெளியே வந்திருக்கக் கூடாது. செயலாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டிப் புத்தகத்தை எடுத்தார். "விதி இருபத்திமூணு! கன்டின்யூட்டி பாக்கிறவருக்குக் கேமராவை ஒட்டி ஒரு நாற்காலி! எட்டு வருஷம் முன்னாடி பதினோரு நாள் போராடி வாங்கின நாற்காலி இது!" விசிலை எடுத்து ஊதினார். "தோழர்களே, வேலையை நிறுத்துங்க!"

விளக்குகள் அணைந்தன. தள்ளுவண்டி பாதி வழியில் நின்றது. பெருக்கிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தை அப்படியே சுவரில் சாய்த்தார். மேஜைமேல் வைத்த பழத்தைக் கதாநாயகன் வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "சார், லாண்டரியில பதினோரு வருஷம் நின்னே பழகிட்டேன் சார். நெஜமாவே எனக்கு நிக்கத்தான் பிடிக்கும்."

"உங்களுக்குப் பிடிக்கும் தோழர். நாளைக்கு இந்த வேலைக்கு வர்றவங்களுக்கு முழங்கால் வலி இருக்கும். அப்ப இவங்க என்ன சொல்லுவாங்க? முன்னாடி இருந்தவங்க நின்னாங்களே, உனக்கு மட்டும் என்னன்னு கேப்பாங்க."

லாண்டரியில் கூட இருந்த ஒருத்தி கால் வீங்கி வேலையை விட்டதை அவள் நினைத்துக்கொண்டாள். அவர் சொல்வது நியாயம்தான். ஆனாலும் முதல் நாளே தன்னால் படப்பிடிப்பு நின்றுபோய்விட்டதே என்றிருந்தது. கொட்டகையின் மூலைக்குப் போய்க் கணவருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, நான் வேலைக்கு வந்து மூணு மணி நேரந்தான் ஆகுது. அதுக்குள்ள எல்லாரும் வேலைநிறுத்தம் பண்றாங்க."

"உன்னை எதுத்தா?" என்றார் அவர். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"இல்லீங்க. எனக்காக."

"அப்படியா? சரிம்மா, பதறாம ஒரு இடத்துல உக்காரு."

"அதுக்குத்தாங்க வழியில்ல!"

இங்கே மேனேஜர் நாற்காலி தேடிக் கிளம்பினார். மேஜையைச் சுற்றி ஆறு நாற்காலி கிடக்கிறதே என்று ஒன்றை இழுத்தார். "கைய வெக்காதீங்க" என்று குறுக்கே விழுந்தார் அரங்கப் பொருட்களுக்குப் பொறுப்பானவர். "அது காட்சியில இருக்கிற நாற்காலி. நடிகரைத் தவிர வேற யாரும் உக்காரக் கூடாது, எங்க சங்கத்து விதி."

"ஆமா சார்" என்றாள் அவளும், வாயை அடக்க முடியாமல். "அது கதவுப் பக்கத்துல இருந்து ரெண்டாவது. எடுத்தா ஷாட்டு கெட்டுடும்."

மேனேஜர் தன் ஆபீசுக்கே ஆள் அனுப்பித் தன் சொந்த நாற்காலியை வரவழைத்தார். நல்ல மெத்தை, சாய்மானம், சுற்றும். செயலாளர் குனிந்து அடியில் பார்த்தார். "சக்கரம் இருக்கு."

"அதனால?"

"சக்கரம் இருந்தா அது வண்டி. வண்டின்னா ஓட்டுநர் சங்கம். அவங்க ஆள் இல்லாம இதை நகத்தினா நாளைக்கு அவங்க விசில் ஊதுவாங்க."

ஓட்டுநர் சங்கத்துக்காரர் ஒருவர் அங்கேயேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பிரேக் இல்ல. நான் பொறுப்பேத்துக்க மாட்டேன்" என்றார்.

இயக்குநர் ஓடிவந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அதன் முதுகில் கொட்டை எழுத்தில் "இயக்குநர்" என்று போட்டிருந்தது. அதில் அவள் உட்கார்ந்தால் அவள் யார், எந்தச் சங்கம், அப்போது இயக்குநர் யார் என்று பேச்சு கிளம்பி இருபது நிமிடம் ஓடியது. பேச்சின் நடுவில், இயக்குநராக இருப்பதைவிடக் கன்டின்யூட்டியாக இருப்பதே நிம்மதி என்று இயக்குநரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த ஒரு டீ ஆயிற்று.

"ஒரு நாற்காலி தானய்யா!" என்று மேனேஜர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இந்தம்மாவை உக்கார வைக்கணும்னு இந்தாளு ஒத்தக் கால்ல நிக்கிறாரே!"

தச்சர் எழுந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். "மரம் இருக்கு. நான் பண்ணித் தரேன்" என்றார். செய்தும் கொடுத்தார், முக்கால் மணி நேரத்தில். ஒடுக்கமான, உறுதியான, பார்த்தாலே உட்காரத் தோன்றும் நாற்காலி. எல்லாரும் கைதட்டினார்கள். பெயிண்டர் மட்டும் தட்டவில்லை.

"பெயிண்ட் அடிக்காத மரச்சாமான் உள்ள வரக்கூடாது. சிலாம்பு குத்தும்."

"அடிச்சுத் தொலைங்கய்யா!"

இருந்தது பச்சை ஒன்றுதான். கிளிப் பச்சை. பெயிண்டர் நிதானமாக, காலின் உள்பக்கம் கூட விடாமல் இரண்டு கோட் அடித்தார். அடித்து முடித்துப் பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்து ரசித்தார். "காய மூணு மணி நேரம்."

மணி ஒன்றரை. கதாநாயகனுக்கு ஆறு மணிக்கு வேறு ஊருக்கு விமானம். இயக்குநர் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மேனேஜரின் மூன்று போனும் அடித்தன, அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள். நாற்காலி ஈரத்தில் பளபளத்தது.

அவள் தன் உடையைக் குனிந்து பார்த்தாள். முதல் நாளைக்கென்று வாங்கியது, வெளிர் மஞ்சள். லாண்டரியில் பதினோரு வருடம் இருந்தவளுக்கு எந்தக் கறை போகும், எந்தக் கறை போகாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெருமூச்சு விட்டாள். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். நேராக நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாகச் சாய்ந்துகொண்டாள். பொச்சென்று ஒரு சத்தம் வந்தது.

பெயிண்டர் அலறினார். செயலாளர் கையை உயர்த்தினார். "தோழர்களே! தோழர் உக்காந்துட்டாங்க!" கொட்டகை அதிரக் கைதட்டல் எழுந்தது. விசில் ஊதப்பட்டது. விளக்குகள் எரிந்தன.

ஆனால் விளக்கு எரிந்த பிறகு ஒருவரும் அசையவில்லை. இரண்டரை மணி நேரம் முன்பு யார் எங்கே நின்றார்கள், எது எங்கே இருந்தது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. பழத்தையும் காணோம். பசி தாங்காமல் கதாநாயகன் தின்றுவிட்டிருந்தான்.

அவள் எழுந்தாள். முதுகில் நான்கு பச்சைக் கோடுகள் நெடுக்காக இறங்கின.

"புதுப் பழம் ஒண்ணு குடுங்க. மூணு தோலு உரிங்க, நாலாவது ஒட்டிக்கிட்டே இருக்கணும். ரெண்டு கடி, ரெண்டாவது சின்னக் கடி. டம்ளர்ல பூவுக்குக் கீழ ஒரு விரல். அப்பா சார், நீங்க இடது முழங்கையை மேஜையில வெச்சிருந்தீங்க. பின்னாடி ஜன்னல்ல திரை பாதி. தட்டுல ஆப்பிளோட காம்பு உங்களைப் பாத்து இருந்துச்சு சார், கேமராவைப் பாத்து இல்ல."

நோட்டைப் பார்க்காமலே சொன்னாள். அறுபது பேரும் அவள் சொன்னபடி நகர்ந்தார்கள். கடைசியில் கதாநாயகன் பழத்தை வலது கையில் எடுத்தான்.

"இடது கை சார்."

இயக்குநரே அவனிடம் சுற்றி வளைத்துத்தான் பேசுவார்.

"வலது கைதான்" என்றான் கதாநாயகன். "எனக்குத் தெரியாதா, என் கை?"

"இல்ல சார். வலது கையால நீங்க மூக்கைச் சொறிஞ்சுட்டிருந்தீங்க."

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். மேனேஜர் கதவைப் பார்த்தார். யாரோ பழைய ஷாட்டைத் திரையில் ஓடவிட்டார்கள். பழம் இடது கையில். வலது கை மூக்கில். அதுவும் கொஞ்சநஞ்ச நேரமில்லை.

கதாநாயகன் அதை இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தான். "இந்தம்மா என் எல்லாப் படத்துக்கும் இருக்கட்டும்" என்றான். கொஞ்சம் யோசித்து, "ஆனா கொஞ்சம் தள்ளி இருக்கட்டும்" என்று சேர்த்துக்கொண்டான்.

மூன்றேகாலுக்கு ஷாட் முடிந்தது. அவன் விமானத்தைப் பிடித்துவிட்டான்.

முப்பது நாள் ஓடியது. நிரந்தர அட்டையைச் செயலாளர் தன் கையாலேயே கொடுத்தார். அந்த அறையில் நாலே பேர்தான் இருந்தார்கள், அதற்கு அரைமணி நேரம் பேசினார். மேனேஜரும் மேலே வந்து கேட்டார். பாதியில் தூங்கிவிட்டாலும், வந்தது வந்ததுதான்.

படம் வெளியான அன்று வீட்டோடு போனார்கள். கடைசியில் ஓடிய பெயர்களில் அவள் பெயரும் வந்தது, கண் சிமிட்டுவதற்குள் மேலே ஏறிப் போய்விட்டது. கணவர் எழுந்து நின்று கைதட்டினார். பின்னால் இருந்தவர் உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை. மாமியார் மட்டும் ஏதோ யோசனையாக இருந்தார். வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"அந்த அப்பாக்காரன் ஆஸ்பத்திரியில படுத்திருந்தான்ல? மாத்திரை போடறப்ப மூக்குக்கண்ணாடி இருந்துச்சு. தண்ணி குடிச்சு நிமிந்தப்ப கண்ணாடி எங்க போச்சு?"

அவள் மனசுக்குள் அந்த நாளை ஓட்டிப் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள், மதியம், ஆஸ்பத்திரி அறை. கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறதென்று கேமராக்காரர் கழற்றச் சொன்னார். அதே நேரத்தில் போர்வையின் மடிப்பைப் பற்றி அவள் வேறு யாருடனோ வாதாடிக்கொண்டிருந்தாள். மடிப்பு சரியாக இருந்தது. கண்ணாடி போய்விட்டது.

"ஆமா அத்தை" என்றாள். "விட்டுட்டேன்."

மாமியாரின் முகம் விளக்குப் போட்டது போல ஆயிற்று. அவர் அப்படிச் சிரித்து மகன் பார்த்ததே இல்லை. "விட்டுட்டியா? நீயா? இன்னொரு தடவை சொல்லு. டேய், கேட்டியா, இவ விட்டுட்டாளாம்!" பேருந்து நிறுத்தத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்களிடமும் சொன்னார். ஒருவர் மரியாதைக்கு வாழ்த்துச் சொன்னார்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அழுதால் நன்றாக இருக்காது என்று சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்த பிறகு நிஜமாகவே சிரிப்பாக இருந்தது.

மறுநாள் காலை மாமியார் தனியாகக் கிளம்பி அதே படத்துக்கு மறுபடி போனார். அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து மருமகளின் நோட்டுக்குள் வைத்தார். வரிசையாக ஐந்து எழுதியிருந்தது. அதில் இரண்டு தப்பே இல்லை, கண் சரியாகத் தெரியாததால் வந்தவை. மூன்று நிஜம்.

அவள் அதை வரிவரியாகப் படித்துவிட்டு அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். மாமியார் கொடியில் துணியை எடுப்பது போல அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கேட்டார்:

"உங்க சங்கத்துல வயசு வரம்பு ஏதாவது உண்டாம்மா?"